சொந்தமாக ஒரு பங்க் லேபிள்: அடிக்கடி வரும் கேள்விகள்

நாங்கள் மூன்று பேர். லண்டனில் வால்தம்ஸ்டோ பக்கம் இருக்கிறோம். வேலை முடிந்து வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சின்னதாக ஒரு பங்க் லேபிள் நடத்துகிறோம். பங்க் என்பது வேகமும் சத்தமுமான ஒரு ராக் இசை வகை. 7 இன்ச் இசைத்தட்டு, கேசட், கூடவே ஃபேன்ஸீன், அதாவது ரசிகர்களே எழுதி, வெட்டி ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்து விற்கும் சிற்றிதழ். கச்சேரி நடக்கும் இடத்தில் ஓரமாக மேசை போட்டு உட்கார்ந்தால் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தமிழில் கேட்பவர்களும் இப்போது கூடியிருக்கிறார்கள். அதனால் பதில்களைத் தமிழிலேயே எழுதி வைக்கிறோம்.

லேபிள் என்றால் உண்மையில் என்ன வேலை?

ஒரு குழுவின் பாட்டைத் தட்டாகவோ கேசட்டாகவோ ஆக்கி, கேட்க விரும்புகிறவர் கையில் சேர்ப்பது. பெரிய கம்பெனியில் இதற்கு வக்கீல், விளம்பரப் பிரிவு, கிடங்கு என்று ஆளுக்கொரு துறை இருக்கும். எங்களிடம் ஒரு அலமாரி, ஒரு தபால் தராசு, ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. மாஸ்டரிங்கையும் (பதிவான பாட்டின் ஒலியைத் தட்டுக்கு ஏற்றபடி சீர்செய்வது) தட்டு அழுத்துவதையும் மட்டும் வெளியே காசு கொடுத்துச் செய்விக்கிறோம், மிச்சமெல்லாம் கைவேலை.

இதை முதலில் யார் செய்தார்கள்?

சிறு லேபிள்கள் பங்க்குக்கு முன்னாலும் இருந்தன. ஆனால் பிரிட்டனில் பங்க் பிள்ளைகளுக்கு வழி காட்டியது மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு. 1976 டிசம்பர் 28 அன்று நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். செலவுக்கு நண்பர்களிடமும் வீட்டிலும் கைமாற்றாக வாங்கியது 500 பவுண்டு. நியூ ஹார்மோன்ஸ் என்று தாங்களே ஒரு லேபிள் பெயர் வைத்து, 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்ற 7 இன்ச் தட்டை 1000 பிரதி போட்டார்கள். அது மளமளவென்று தீர்ந்து, திரும்பத் திரும்ப அழுத்தி 16,000 வரை போனது. ஆனால் எங்களை இழுத்தது அந்த விற்பனை இல்லை, அதன் கவர். எந்தப் பாட்டு எத்தனையாவது முயற்சியில் பதிவானது, அதன்மேல் பிறகு ஏதாவது ஒலி சேர்த்தார்களா என்று அதில் அச்சடித்திருந்தார்கள். வாங்குகிறவன் தெரிந்துகொள்ளட்டும், அவனும் செய்யட்டும் என்பதுதான் அதன் அர்த்தம்.

அதே 1977இல் லண்டனின் டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் குழு 153 பவுண்டில் தங்கள் முதல் தட்டை முடித்துவிட்டு, இது சுலபம், செலவும் கம்மி, போய் நீங்களும் செய்யுங்கள் என்று மற்றவர்களைக் கூப்பிட்டது. 1978இல் ஸ்கிரிட்டி பொலிட்டி குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சொந்த லேபிளில் போட்ட முதல் தட்டின் ஜெராக்ஸ் கவரில், பதிவுக்கு இவ்வளவு, மாஸ்டரிங்குக்கு இவ்வளவு, அழுத்த இவ்வளவு, தட்டின் நடுவில் வரும் லேபிள் தாளுக்கு இவ்வளவு என்று எழுதியே கொடுத்தார்கள். கடைக்காரர் கல்லாவைத் திறந்து காட்டுகிற மாதிரி. எங்கள் தட்டு ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு செலவுச் சீட்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கம் அங்கிருந்து வந்தது. எங்கள் லேபிளில் ஒன்றை மட்டும் பார்த்து எடுத்துக்கொள்வதாக இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் வாஷிங்டன் கதையையும் சொல்ல வேண்டும். டீன் ஐடில்ஸ் என்ற குழுவில் எல்லாரும் பதின்வயதுப் பிள்ளைகள். கச்சேரியில் வந்த காசைத் தொடாமல் சேர்த்து வைத்திருந்தார்கள், 1980இல் குழு கலைந்தபோது சுமார் 600 டாலர் தேறியது. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு போயிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவர்கள் அதை வைத்து எட்டுப் பாட்டு கொண்ட 7 இன்ச் தட்டை 1000 பிரதி போட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் டிஸ்கார்ட் லேபிள். இயன் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் நடத்தினார்கள், விற்று வந்த காசு அடுத்தடுத்த நண்பர்களின் தட்டுகளுக்குப் போனது. கலைந்துபோன ஒரு குழுவின் சேமிப்பு இன்னொரு குழுவுக்கு முதலானது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது.

எவ்வளவு காசு வேண்டும்?

ஆலைக்கு ஆலை, வருஷத்துக்கு வருஷம் மாறுவதால் ஒரு தொகையைச் சொல்ல மாட்டேன், கணக்குப் போடும் விதத்தைச் சொல்கிறேன். தட்டுக்கான செலவு இரண்டு வகை. பள்ளம் வெட்டுவது, உலோக அச்சு எடுப்பது, மாஸ்டரிங், இவையெல்லாம் 100 பிரதி போட்டாலும் 1000 போட்டாலும் ஒரே செலவு. தட்டு, கவர், உறை ஆகியவை பிரதிக்குப் பிரதி ஏறும். அதனால் 100 போட்டால் ஒரு தட்டின் அடக்கவிலை எகிறும், 500 போட்டால் விழும், ஆனால் மிச்சம் 300 உங்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். உதாரணத்துக்கு, எல்லாம் சேர்ந்து 1500 பவுண்டு ஆகி 300 பிரதி வந்தால் அடக்கம் 5 பவுண்டு. அதில் 30 குழுவுக்கு, 20 வானொலிக்கும் விமர்சனத்துக்கும் இலவசமாகப் போனால், விற்க இருப்பது 250. இப்போது அடக்கம் 6 பவுண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த 50ஐக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

வட்டிக்கு வாங்காதீர்கள். கிரெடிட் கார்டில் போடாதீர்கள். நாங்கள் முதல் தட்டுக்கு ஒரு வருஷம் சேர்த்தோம், நடுவில் இரண்டு கேசட் போட்டு அதில் வந்ததையும் அதோடு சேர்த்தோம்.

தட்டு எப்படி உருவாகிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆலைக்குக் காசு அனுப்பக் கூடாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அலுமினியத் தகட்டின்மேல் மெழுகு மாதிரி மிருதுவான லாக்கர் பூசிய வட்டம் ஒன்று இருக்கும். வெட்டுபவர் உங்கள் பாட்டை ஓடவிட்டு, ஊசியால் அதில் பள்ளம் வெட்டுவார். அதன்மேல் வெள்ளியை மெல்லிய படலமாகத் தெளித்து, நிக்கல் முலாம் தொட்டியில் போடுவார்கள். ஏறிய நிக்கலைப் பிரித்தால், பள்ளம் இருந்த இடத்தில் மேடாக ஒரு நேரெதிர் அச்சு கிடைக்கும். அதிலிருந்து மதர் என்ற இன்னொரு தகடு, மதரிலிருந்து ஸ்டாம்பர். ஸ்டாம்பர் இரண்டை மேலும் கீழும் பூட்டி, நடுவில் சூடான பிவிசி உருண்டையை வைத்து நசுக்கினால் தட்டு. நடுவில் இருக்கிற தாள் லேபிளைப் பசை போட்டு ஒட்டுவதில்லை, அதே சூட்டிலும் அழுத்தத்திலும் பதிந்துவிடுகிறது. தாளில் ஈரம் இருந்தால் கொப்புளம் வரும் என்பதால் முன்கூட்டியே அடுப்பில் காய வைப்பார்கள்.

இதில் ஒரு இடம் தடைபட்டாலும் எல்லாம் நிற்கும். 2020 பிப்ரவரி 6 அன்று கலிபோர்னியாவில் பேனிங் என்ற ஊரில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தது. உலகத்துக்கே லாக்கர் வட்டம் செய்து கொடுத்த இடங்கள் இரண்டுதான், மற்றது ஜப்பானில். மாற்று வழி ஒன்று உண்டு, லாக்கருக்குப் பதில் நேரடியாகச் செப்புத் தகட்டில் வெட்டுவது. ஐரோப்பாவில் நிறைய ஆலைகளில் இப்படி வெட்டுகிறார்கள்.

7 இன்ச்சில் எவ்வளவு நேரம் அடங்கும்?

நிமிஷத்துக்கு 45 சுற்று வேகத்தில் பக்கத்துக்கு நாலு நிமிஷம் வரை என்றால் சத்தமாக, நன்றாக வரும். அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தம் குறையும். மையத்தை நெருங்க நெருங்க ஊசிக்குக் கீழே ஓடுகிற பள்ளத்தின் நீளம் சுருங்குவதால் 'ஸ' 'ஷ' ஒலிகள் கரகரக்கும். ஆகவே பக்கத்தின் கடைசிப் பாட்டாக, சிம்பல் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தாளம்) உரக்க அடிக்கிற பாட்டை வைக்காதீர்கள். பங்க் பாட்டு ஒன்றரை நிமிஷம் என்பதால் இந்த அளவு எங்களுக்குப் பொருத்தமாக இருக்கிறது.

டெஸ்ட் பிரஸ்ஸிங்கில் என்ன கேட்க வேண்டும்?

முழு எண்ணிக்கையும் அழுத்துவதற்கு முன் ஆலை ஐந்தாறு தட்டு அனுப்பும், வெள்ளை லேபிளோடு. எல்லாவற்றையும் கேளுங்கள், ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு சரி சொல்லாதீர்கள். ஒரு 'டிக்' சத்தம் ஒரே தட்டில் மட்டும் இருந்தால் தூசி. எல்லாத் தட்டிலும் அதே நொடியில் வந்தால் அது ஸ்டாம்பரிலேயே இருக்கிறது, திருப்பி அனுப்ப வேண்டியதுதான். வேறு வேறு பிளேயரில், முக்கியமாக ஒரு மலிவான பிளேயரிலும் போட்டுப் பாருங்கள்.

எங்கள் இரண்டாவது தட்டில் நாங்கள் விட்ட பிழை இது. இரவு பதினொரு மணி, பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டோம். ஏ பக்கத்தில் இரண்டாவது பாட்டு தொடங்கும் இடத்தில் 'உஸ்' என்று ஒரு இரைச்சல், ஒரு சுற்றுக்கு ஒரு தரம், மூன்று நாலு சுற்று. அந்தச் சத்த அளவில் அது காதில் விழவே இல்லை. அடுத்த நாள் சரி என்று மின்னஞ்சல் போட்டோம். 300 தட்டிலும் அந்த இரைச்சல் இருக்கிறது. ஆலையைக் குறை சொல்ல வழியில்லை, ஒப்புதல் கொடுத்தது நாங்கள். செலவுச் சீட்டிலேயே அதையும் எழுதிப் போட்டோம், விலையில் ஒரு பவுண்டு குறைத்தோம்.

ஆலை அழுத்த மறுக்குமா?

மறுத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கதைதான். வால்தம்ஸ்டோவில் ஸ்மால் வொண்டர் என்று ஒரு இசைத்தட்டுக் கடை இருந்தது, அதே பெயரில் லேபிளும் நடத்தினார்கள். 1978இல் கிராஸ் என்ற பங்க் குழுவின் முதல் 12 இன்ச் தட்டைப் போட்டபோது, முதல் பாட்டு கிறிஸ்தவ மதத்தை நிந்திக்கிறது என்று அயர்லாந்தில் இருந்த ஆலையின் தொழிலாளர்கள் அதைத் தொட மறுத்தார்கள். குழு என்ன செய்தது தெரியுமா, அந்தப் பாட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் மௌனத்தை வைத்தது, அதற்கு 'பேச்சுரிமையின் ஒலி' என்று பொருள்படும் தலைப்பும் கொடுத்தது. இனிமேல் அடுத்தவர் தொல்லைப்படக் கூடாது என்று பிறகு சொந்த லேபிள் தொடங்கினார்கள். எக்ஸிட்ஸ்டென்சில் என்ற பெயரில் அவர்களுக்கு ஒரு பதிப்பகமும் இருந்தது. தட்டும் தாளும் ஒரே வீட்டிலிருந்து வரலாம் என்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்.

கவரை வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம், செய்யுங்கள். டிஸ்கார்ட் பிள்ளைகள் இங்கிலாந்தில் வந்த ஒரு 7 இன்ச் கவரைப் பசை பிரித்து விரித்து, அதை அளவாக வைத்துத்தான் தங்கள் கவரை வரைந்தார்கள். அச்சகத்திலிருந்து தாளாக வாங்கி, ஒவ்வொன்றையும் தாங்களே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள்.

நாங்கள் செய்வது இப்படி. ஏ3 தாள், 160 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம் கனம். அதைவிடக் கனமானால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். முதலில் மடிப்பு வரவேண்டிய இடத்தில் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரு இழுப்பு. அப்புறம் மடித்து, கரண்டியின் முதுகால் தேய்ப்போம். தாளின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அதன் போக்கிலேயே மடித்தால் அழகாகப் படியும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். பசையை ஓரத்தில் தடவாமல் அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளித் தடவுங்கள், இல்லாவிட்டால் பிதுங்கி உள்ளே தட்டில் ஒட்டும். மூன்று பேர் உட்கார்ந்தால் 300 கவருக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை. சமையல் மேசையில் வேலை செய்வதாக இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஃபேன்ஸீன், புத்தகம் எல்லாம் எப்படி அச்சடிக்கிறீர்கள்?

ஸ்னிஃபின் க்ளூ என்ற லண்டன் ஃபேன்ஸீன் 1976 ஜூலையில் வந்தபோது டைப்ரைட்டரில் அடித்து, தலைப்பை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் அடித்தது. முதல் இதழ் 50 பிரதி போலத்தான். அதே வழி இன்றைக்கும் போதும். ஏ4 தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம், ஆகவே மொத்தப் பக்கம் நாலின் மடங்காக இருக்க வேண்டும். 16 பக்கம் என்றால் நாலு தாள். வெள்ளைத் தாளில் குட்டியாக ஒரு மாதிரி இதழ் மடித்து, பக்க எண் போட்டு, பிரித்துப் பாருங்கள். எந்தப் பக்கத்துக்குப் பக்கத்தில் எது வரும் என்பது அப்போது புரிந்துவிடும். நடு மடிப்பில் அடிக்க, கை நீளமான ஸ்டேப்ளர் ஒன்று வாங்கிவிடுங்கள், வருஷக் கணக்கில் உழைக்கும்.

வண்ணம் வேண்டுமென்றால் ரிசோகிராஃப். ஜப்பானிய இயந்திரம், பார்க்க ஜெராக்ஸ் போல இருக்கும், உள்ளே வேலை செய்வது ஸ்டென்சில். ஒரு வண்ணத்துக்கு ஒரு உருளை, ஒரு உருளை மட்டும் கொள்ளும் இயந்திரத்தில் இரண்டு வண்ணம் என்றால் தாள் இரண்டு முறை உள்ளே போகும், ஒன்றின்மேல் ஒன்று ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழும். அந்தத் தள்ளலை நான் பிழையாகப் பார்க்கவில்லை. மை சீக்கிரம் காயாது, கறுப்பை அப்பிய பக்கத்தைத் தொட்டால் விரலில் ஒட்டும்.

கட்டுரைக்கும் படத்துக்கும் காசு கொடுக்க முடியவில்லை என்றால் பிரதிகளையாவது கொடுங்கள். எழுதியவரைக் கேட்காமல் ஒரு வரியைக்கூட மாற்றாதீர்கள்.

சட்டம், உரிமம்?

பிரிட்டனில் தட்டு அழுத்த ஆலை எம்சிபிஎஸ் என்ற உரிமை அமைப்பின் உரிமத்தைக் கேட்கும். பாட்டு எழுதியவர்களுக்குப் போகவேண்டிய தொகைக்கான ஏற்பாடு அது. குழுவின் சொந்தப் பாட்டுகள், யாரும் அந்த அமைப்பில் சேரவில்லை என்றால், கட்ட வேண்டியதில்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். வேறொருவர் பாட்டைப் பாடியிருந்தால் கட்டத்தான் வேண்டும். அச்சிதழுக்கு ஐஎஸ்பிஎன் (புத்தகங்களுக்குக் கொடுக்கும் அடையாள எண்) கட்டாயமில்லை. ஆனால் ஃபேன்ஸீனானாலும் வெளியிட்ட ஒரு மாதத்துக்குள் பிரிட்டிஷ் நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சந்தோஷமாகவே அனுப்புங்கள், ஐம்பது வருஷம் கழித்து யாராவது எடுத்துப் படிப்பார்கள்.

குழுவோடு ஒப்பந்தம் போடுவீர்களா?

டிஸ்கார்ட் ஒப்பந்தத்தாள் இல்லாமலே குழுக்களோடு வேலை செய்தது. நம்பிக்கை பெரிய விஷயம்தான், ஆனாலும் ஒரு பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் நாலு வருஷம் கழித்து யார் என்ன சொன்னோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. எங்கள் தாளில் இருப்பது இவ்வளவுதான்: பதிவு குழுவுக்குச் சொந்தம். பத்தில் ஒரு பங்கு பிரதி முதலிலேயே அவர்களுக்கு. போட்ட காசு திரும்பிய பிறகு வருவதில் பாதிக்குப் பாதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, அவர்கள் கேட்காவிட்டாலும்.

விலை எப்படி வைக்கிறீர்கள்?

கிராஸ் தங்கள் கவரிலேயே 'இதற்கு மேல் கொடுக்காதீர்கள்' என்று விலையை அச்சடித்தார்கள். டிஸ்கார்டும் தபால் செலவோடு சேர்த்த விலையைத் தட்டின்மேலேயே போட்டது. நடுவில் இருப்பவர் ஏற்றி விற்றால் வாங்குகிறவருக்கு உடனே தெரிந்துவிடும். நாங்களும் அச்சடிக்கிறோம். ஒரு கடை இதனால் எங்கள் தட்டை எடுக்க மாட்டேன் என்றது, பரவாயில்லை என்று வந்துவிட்டோம்.

எங்கே விற்பது, எப்படி அனுப்புவது?

பாதிக்கு மேல் கச்சேரி மேசையில்தான் போகும். அப்புறம் மற்றச் சிறு லேபிள்களோடு பண்டமாற்று: நீ எனக்குப் பத்து கொடு, நான் உனக்குப் பத்து தருகிறேன். உங்கள் தட்டு லீட்ஸ் நகரில் ஒரு மேசையில் இருக்கும், அவர்களுடையது உங்கள் மேசையில். கடையில் 'விற்றால் காசு' என்று வைத்தால் தேதி போட்டுச் சீட்டு வாங்குங்கள், மூன்று மாதம் கழித்து நேரில் போங்கள்.

7 இன்ச் அட்டை உறை ராயல் மெயிலின் 'லார்ஜ் லெட்டர்' அளவுக்குள் அடங்கிவிடும், தடிமன் இரண்டரை சென்டிமீட்டர் தாண்டக் கூடாது. 12 இன்ச் அதில் அடங்காது, பார்சல் கட்டணம். அனுப்பும்போது தட்டைக் கவருக்கு வெளியே எடுத்து, பின்னால் தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் வழியில் ஆடி ஆடிக் கவரின் விளிம்பைக் கிழித்துவிடும். 2021 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சுங்கப் படிவம் வேண்டும். அதனால் பெர்லினில் ஒரு நண்பர்க் குழுவுக்கு மொத்தமாக ஒரு பெட்டி அனுப்பிவிடுகிறோம், அங்கிருந்து அவர்கள் பிரித்து அனுப்புகிறார்கள்.

முதலிலேயே தட்டு போட வேண்டுமா?

வேண்டாம். கேசட்டில் தொடங்குங்கள். 50 பிரதியை இரண்டு கேசட் டெக் வைத்து வீட்டிலேயே எடுக்கலாம், தீர்ந்தால் இன்னும் 20 எடுக்கலாம். டெக்கில் நாடா உரசி ஓடும் தலைப்பகுதியைப் பஞ்சும் ஆல்கஹாலும் வைத்து ஐந்து கேசட்டுக்கு ஒருமுறை துடையுங்கள். ஒவ்வொரு பிரதியின் முதல் நிமிஷத்தையும் கடைசி நிமிஷத்தையும் கேட்டுவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும்.

தட்டின் உள்வட்டத்தில் ஏதோ கீறியிருக்கிறதே, அது என்ன?

பாட்டு முடிந்த பிறகு லேபிளுக்கு முன்னால் வெறுமையான வளையம் ஒன்று வரும். வெட்டுபவர் தட்டின் எண்ணை அங்கே கையால் கீறுவார், எந்தத் தகடு எந்தப் பக்கம் என்று ஆலைக்குத் தெரிய வேண்டுமே. கேட்டால் நம் வாசகத்தையும் கீறித் தருவார்கள். முதல் தட்டுக்கு 'கணக்கு உள்ளே' என்று தமிழில் வேண்டும் என்று கேட்டோம், செலவுச் சீட்டை மனதில் வைத்து. வெட்டுபவருக்குத் தமிழ் தெரியாது. பெரிதாக எழுதி அனுப்பிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படம் வரைவது போல எழுத்தெழுத்தாகக் கீறியிருந்தார், அவ்வளவு சின்ன இடத்தில், லாக்கரில் கை தவறினால் அழிக்கவும் முடியாது. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தெரியும். 'ண'வில் ஒரு சுழி குறைந்து 'ன' ஆகியிருக்கிறது. அடுத்த வருஷம் இன்னொரு 200 அழுத்தியபோதும் அதே மதரிலிருந்து எடுத்ததால் 'கனக்கு உள்ளே' என்றுதான் வந்தது.